மூன்று மணிக்கு முன்னால்

கேரளத்தில் நான் காணிக்காரி இல்லை. தமிழ்நாட்டில் காணிக்காரி. நடுவில் ஒரு மலை இருக்கிறது.

நான் பிறந்தது பேச்சிப்பாறைக்கு மேலே, காட்டுக்குள். கட்டிக்கொடுத்தது கேரளத்தில், வித்துராவுக்கு மேலே. கல்யாணத்துக்கு நடந்தே வந்தோம். விடியுமுன் புறப்பட்டு, வெளிச்சம் போகுமுன் வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு மேட்டில் உட்கார்ந்து அவித்த மரச்சீனி தின்றோம். அந்த மேடுதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கிழங்கைத் தின்று முடித்துவிட்டு நடந்திருப்போம்.

இந்தப் பக்கத்துக் காணிக்காரர்களும் நாங்களும் ஒரே ஆட்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எப்போதும் உண்டு. அரசாங்கத்திடம் பழங்குடிப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டியலில் எங்கள் பெயர் உண்டு. கேரளப் பட்டியலிலும் உண்டு.

இப்போது நான் கீழே டவுனில், தம்பானூரில் ஒரு லாட்ஜில் வேலை செய்கிறேன். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. மாதம் இரண்டு தடவை மலைக்குப் போவேன். தமிழில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். மலையாளம் பேசுவேன், படிக்க வராது. எழுதிப் பழக்கமில்லை. இதை எழுதுவது என் நாத்தனாருக்காக. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் எழுத முடிகிறது என்று நினைக்கிறேன்.

அவள் என் வீட்டுக்காரரின் தங்கை. என்னை மைனி என்பாள். அந்த மலையிலேயே பிறந்து, கீழே போய்ப் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அதிகம் பேசமாட்டாள். கேட்டால் பதில் வரும். கேட்காவிட்டால் அதுவும் வராது.

எங்கள் ஊரில் அங்கன்வாடி இல்லை. கீழேதான் இருக்கிறது. ஆனை இறங்கும் வழியாகப் போக வேண்டும். காலையில் ஊர்ப் பிள்ளைகளை யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த யாராவது நாத்தனார்தான். ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று கையில், மற்றவை முன்னால். வழியில் ஆனை போட்ட பிண்டம் கிடந்தால் கால்விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஆறியிருந்தால் நடப்பாள். சூடாக இருந்தால் பிள்ளைகளுக்கு அன்று லீவு. பிள்ளைகள் தினமும் அது சூடாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள்.

ஊருக்குள்ளேயே ஒரு அங்கன்வாடி வேண்டும் என்று பல வருடம் கேட்டோம். மெம்பர் பஞ்சாயத்தில் சொன்னால் நடக்கும் என்றார்கள். மெம்பர் எப்போதும் கீழே உள்ள ஆள். போய்க் கேட்டால், "அடுத்த கமிட்டியில வைக்கலாம்" என்பார். அந்த அடுத்த கமிட்டி வந்ததே இல்லை. வார்டில் எங்கள் வீடுகள் கொஞ்சம், கீழே வீடுகள் நிறைய. அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டு இருக்கிற பக்கம்தான் மெம்பரின் கால் போகும்.

அப்படியிருக்க ஒரு தேர்தலில் வார்டு எங்களுக்கு வந்தது. பழங்குடிப் பெண் மட்டும்தான் நிற்கலாம் என்றார்கள். அரசியல் சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். வார்டு மாறி மாறி வரும், இந்தத் தடவை எங்களுடையது. அதை எழுதியவர்கள் எங்கள் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எழுதியிருக்கிறார்கள்.

கீழேயிருந்து ஒரு கட்சிக்காரர் ஜீப்பில் வந்தார். பாதி வழியில் ஜீப் நின்றுபோனது. மீதியை நடந்து, வியர்த்து, காலில் அட்டையோடு வந்து சேர்ந்தார். ஊர்த் தலைவரை நாங்கள் மூட்டுக்காணி என்போம். அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடினோம்.

"இந்தத் தடவ வார்டு நிங்ஙளுக்காக்கும். ஒரு பெண்ணு தரணும்" என்றார் கட்சிக்காரர்.

ஒரு கிழவர் பின்னாலிருந்து சொன்னார். "பெண்ணு கேட்டு வந்த ஆளு வெறுங்கையோட வந்திருக்கு. வெத்தில பாக்கு எங்க?"

"ஜெயிச்சிட்டு வெத்தில என்ன, வெத்திலக் கொடியே கொண்டுவாறேன் மூப்பரே."

"முன்னாடி வந்தவனும் கொடி கொண்டாந்தான். கட்சிக் கொடி."

எல்லோரும் சிரித்தார்கள். கட்சிக்காரரும் சிரித்துக்கொண்டே அட்டையைப் பிடுங்கினார். மூட்டுக்காணி சிரிக்கவில்லை. அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அவர் பார்வை நாத்தனாரிடம் போய் நின்றது. அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்தப் பார்வை எனக்குத் தெரிகிறது.

"நான் நிக்கேன்" என்றேன்.

யாரும் என்னிடம் கேட்கவில்லை. மூட்டுக்காணி என் பக்கம் திரும்பினார். பிறகு நாத்தனாரிடம், "நீ என்ன சொல்லுதே?" என்று கேட்டார்.

"மைனி பேசுவா. மைனி நிக்கட்டு" என்றாள்.

அது உண்மைதான். நான் பேசுவேன். குருமிளகும் தேனும் கொண்டு நெடுமங்காடு சந்தைக்குப் போய் வியாபாரிகளிடம் சண்டை போட்டவள். அவளுக்கு ஆபீஸ் வாசலில் நின்றாலே தொண்டை கட்டும். எனக்கு அது போதும் என்று தோன்றியது. மெம்பர் ஆகிற ஆசையும் இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

மூட்டுக்காணி என் பெயரைச் சொன்னார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். தேன் எடுக்க உயர்ந்த மரத்தில் யார் ஏறுவது என்று மூட்டுக்காணி சொல்வார். ஒரு பெயர்தான் சொல்வார். அவன் இறங்கிவரும்வரை இன்னொருவன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால், ஏறுகிறவன் விழுவான் என்று சொன்னதுபோல. கீழே கயிறு பிடிப்பது ஏறுகிறவனின் மச்சினன். அவன் பெயரையும் சொல்ல மாட்டார்கள். அவன் தானாக வந்து நிற்பான்.

வேட்புமனுப் பேப்பர் கொடுக்கக் கடைசி நாள் கீழே இறங்கினோம். நானும் என் வீட்டுக்காரரும் நாத்தனாரும் மூட்டுக்காணியும். என் அப்பா பள்ளிக்கூட ஹாஸ்டலுக்காக வாங்கிய சாதிச் சர்ட்டிபிகேட் என்னிடம் இருந்தது. தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது. கட்சிக்காரர் அதை வாங்கினார். எழுத்து தமிழ். அவருக்குப் படிக்க வராது. சீலைப் பார்த்தார். தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் மட்டும் கேட்டார். "அங்கத்த சர்ட்டிபிகேட்டு இங்க செல்லுமா?"

"காணி எங்க போனாலும் காணிதானே" என்றேன்.

கட்சிக்காரர் இரண்டு வேட்புமனுப் பாரம் வாங்கி வைத்திருந்தார். ஒன்று எனக்கு. இன்னொன்றை நாத்தனாரிடம் கொடுத்து, "சும்மா கையில வை" என்றார். அவள் தன் சர்ட்டிபிகேட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்திருந்தாள். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. பாரத்தை அந்தக் கவரில் வைத்தாள். எனக்கு மலையாளம் எழுத வராது என்பதால், கட்சி ஆபீசில் ஒரு ஆள் கேட்டுக் கேட்டு எழுதினார். கட்சிக்காரரே முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார். நான் போட வேண்டிய இடங்களில் போட்டேன். நேரமெடுத்தது. நாத்தனாரும் மூட்டுக்காணியும் வெளியே படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே டீ குடித்தோம். மூன்று மணிக்குள் பேப்பர் கொடுக்க வேண்டும். அப்போது கட்சிக்காரர் சொன்னார். "ஒரு டம்மியும் கொடுக்கணும்."

"டம்மின்னா?"

"உங்களுக்க பேப்பரு தள்ளிப்போனா, பதிலுக்கு நிக்க ஒரு ஆளு. எல்லாரும் வைக்கறதுதான். உங்களுக்க எடுத்தா, மத்ததப் பின்வலிச்சிரலாம், வாபஸ் வாங்கலாம். இவளுக்கதைக் கொடுப்போம்." நாத்தனாரைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது.

"நான் மரத்துல கால் வைக்கும்பமே விழுவேன்னு சொல்லுதீயளா?"

"அய்யோ, இது சடங்கு மாத்ரம்."

"உங்களுக்குச் சடங்கு. எங்களுக்கு ஒரு பேரு சொன்ன இடத்துல ரெண்டாவது பேரு கிடையாது. மூட்டுக்காணிட்ட கேளுங்க."

மூட்டுக்காணி டீக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கத்தை நான் சொன்ன பிறகு அவர் என்ன சொல்ல முடியும்? இல்லை என்றால் வழக்கம் போகும். ஆமாம் என்றும் சொல்லவில்லை. கட்சிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மைனி," என்றாள் நாத்தனார். "நானும் ஒண்ணு கொடுத்தா என்ன?"

அவள் கேட்காமலே பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"உனக்கு மெம்பர் ஆவணுமா?" என்றேன். டீக்கடையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அவள் கவரை மடியில் வைத்துக்கொண்டாள். "வேண்டாம் மைனி" என்றாள்.

நான் வழக்கத்தைப் பற்றிப் பேசினேன். என் மனதில் இருந்தது வழக்கமல்ல. முற்றத்தில் அவள்மேல் போய் நின்ற அந்தப் பார்வை. இரண்டு பேப்பர் இருந்தால், எதை வைப்பது எதை எடுப்பது என்று ஊர் யோசிக்கும். யோசித்தால் அவளை வைப்பார்கள் என்று பயந்தேன்.

என் பேப்பர் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு மலையேறினோம்.

அடுத்த நாள் பேப்பர் பரிசோதனை. மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. மரியாதையான மனிதர். எதிர்க்கட்சி ஏஜெண்ட் எழுந்து ஏதோ சொன்னார். அதிகாரி என் சர்ட்டிபிகேட்டை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அம்மா, இது தமிழ்நாட்டுத் தாசில்தார் தந்ததல்லே?"

"ஆமா சார். அப்பா அங்கயாக்கும்."

"ஜனிச்சதும் அங்கே?"

"பேச்சிப்பாறைக்கு மேல."

"அப்போ இவிடத்தெ பட்டியலில் நிங்ஙள் வராது. கல்யாணம் கழிச்சு வந்தாலும் வராது. அப்பா எந்த ஸ்டேட்டோ, அந்த ஸ்டேட்."

"சார், இவியளும் காணி. நானும் காணி."

"காணி இல்லேன்னு நான் பறயல்ல. இவிடத்தெ காணி இல்லேன்னுதான் பறயுந்நது."

"மலைக்கு அந்தப் பக்கமிருந்து ஆனை வந்தா, அது ஆனை இல்லியா சார்?"

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே என் பேப்பரில் ஏதோ எழுதினார். தள்ளிவிட்டேன் என்றார். சட்டம் அப்படி, தனக்கு வேறு வழியில்லை என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

அப்போது வாசலில் நின்ற நாத்தனார் உள்ளே வந்தாள். ஆபீசில் தொண்டை கட்டுகிறவள். கவரை மேசைமேல் வைத்தாள்.

"சாரே, எனக்கு இருக்கு. நான் இவிடெ ஜனிச்சதாக்கும்."

அதிகாரி கவரைத் தொடவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். "மோளே, இது நேத்து மூணு மணிக்கு முன்னே தரணுமாயிருந்நு" என்றார்.

அவள் கவரை எடுத்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்தின் பேப்பர் ஒன்றுதான் மிச்சம். வேறு கட்சிக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பெண் போட்டியில்லாமல் மெம்பர் ஆனாள். அவளும் காணிக்காரிதான், வேறு மலையில் பிறந்தவள். கீழே வீடு கட்டிக் குடியிருந்தவள். தேர்தல் நாளில் நாங்கள் பூத்துக்குப் போனோம். எப்போதும் மூன்று ஓட்டு உண்டு. கிராமத்துக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று, ஜில்லாவுக்கு ஒன்று. அன்றைக்கு இரண்டுதான். வெற்றிலைக் கொடி கேட்ட கிழவர் அங்கிருந்த ஆளிடம் போய், "எங்களுக்க ஓட்டு எங்க?" என்று கேட்டார். இந்த வார்டுக்கு ஓட்டு இல்லை, ஆள் ஏற்கனவே ஜெயித்தாயிற்று என்றார்கள். கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வார்டு எங்களுக்கு வந்த வருடம்தான் எங்களுக்கு வார்டில் ஓட்டு இல்லாமல் போனது.

புது மெம்பர் ஒரு தடவை மேலே வந்தாள். ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்தாள். கெட்டவள் இல்லை. அங்கன்வாடி பற்றிச் சொன்னோம். குறித்துக்கொண்டாள். இறங்கும்போது அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். பிறகு வரவில்லை. கீழே போய்க் கேட்டபோது, பிள்ளைகள் எண்ணிக்கை போதாது, ஃபண்ட் இல்லை என்றாள். எதிர்த்துக் கேட்க எனக்கு வாயில்லை.

நான் இங்கே சர்ட்டிபிகேட் வாங்க முடியுமா என்று அலைந்தேன். வில்லேஜ் ஆபீசில் ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும், அவர்களுடைய அப்பா இந்த ஊர், உங்களுக்குக் கிடைக்காது. அப்படியே நடந்தது. என் வயிற்றில் பிறந்தவர்களுக்கு உண்டு. எனக்கு இல்லை.

நாத்தனார் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. குத்திக்காட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தினமும் காலையில் பிள்ளைகளோடு என் வீட்டைக் கடந்துதான் இறங்குவாள். "போயிட்டு வாறேன் மைனி" என்பாள். அடுத்த வருடம் தம்பானூரில் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொன்னதும் வந்துவிட்டேன். கூலிக்காகத்தான் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மூன்றாவது மழைக்காலத்தில் மூட்டுக்காணி இறந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்து வருடம் முடிந்தது. அடுத்த தேர்தலில் வார்டு ஜெனரல் ஆனது. சுழற்சியில் எங்கள் முறை போய்விட்டது. இனி எப்போது வரும் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நான் இருக்கும்போது வராது என்று நினைக்கிறேன். கட்சிக்காரர் அந்தத் தடவை பெண் கேட்டு வரவில்லை. ஓட்டுக் கேட்டு மட்டும் வந்தார்.

நான் மலைக்குப் போய் நாத்தனாரிடம் சொன்னேன். "ஜெனரல்னா ஆரு வேணும்னாலும் நிக்கலாம். நமக்கும் சேர்த்துதான். நீ நில்லு."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதும் புடைத்து முடித்தாள்.

"ஜெயிக்க மாட்டோம் மைனி."

"தெரியும்."

"சரி, நிக்கேன். ஆனா மைனி கயிறு பிடிக்கணும்."

எனக்குப் புரியவில்லை.

"டம்மி" என்றாள். "அது கயிறு பிடிக்கிற ஆளுதானே. அண்ணைக்கும் அதுதான்."

ஏறுகிறவன் பெயரை ஞாபகம் வைத்தேன். கயிறு பிடிக்கிறவனை மறந்துவிட்டேன்.

கட்சி இல்லாமல் நின்றாள். இந்தத் தடவை பாரங்களை அவளே எழுதினாள், இரண்டையும். பரிசோதனைக்குப் போனோம். அதே அறை. வேறு அதிகாரி. அவள் பேப்பரை எடுத்துக்கொண்டார். பிறகு என் பேப்பர். ஜெனரல் வார்டு என்பதால் சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏற்றுக்கொண்டாயிற்று என்றார். காணிக்காரி என்று கொண்டுபோன பேப்பரைத் தள்ளினார்கள். ஒன்றுமில்லாதவள் என்று கொண்டுபோனதை எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே அதை நான் பின்வலித்தேன்.

அவளுக்குக் குடை சின்னம் கிடைத்தது. கீழே வீடு வீடாகப் போனோம். ஒரு கடையில் இருந்த ஆள், "ஜெனரல் வார்டில நிங்ஙளுக்கு என்ன காரியம்? நிங்ஙளுக்கு வேற வார்டு வருமல்லோ" என்றான். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் பேசுகிறவள். அவள்தான் சொன்னாள். "வந்நதாக்கும் சேட்டா. போயாச்சு."

தோற்றாள். எங்கள் ஊர் ஓட்டு எல்லாம் குடைக்கு. கீழே அங்கொன்று இங்கொன்று. போன தேர்தலில் அவள் நின்றிருந்தால், கட்சியின் ஓட்டும் ஊரின் ஓட்டும் சேர்ந்து அவளுக்கு விழுந்திருக்கும். எண்ணுகிற இடத்தில் நின்று அதைத்தான் யோசித்தேன்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஆனை வழியாக ஏறினோம். வழியில் பிண்டம் கிடந்தது. கால்விரலால் தொட்டுப் பார்த்தாள். நடந்தாள்.

"மைனி."

"ம்."

"அண்ணைக்கு கவருல சர்ட்டிபிகேட்டு மட்டுமில்ல. பாரமும் எழுதி, ஒப்பும் இட்டுத்தான் வச்சிருந்தேன். மைனி உள்ள எழுதிக்கிட்டிருந்தப்போ, படியில இருந்து எழுதினேன்."

டீக்கடையில் அவள் மடியில் வைத்துக்கொண்ட கவர் எனக்குக் கண்ணில் வந்தது. ரோட்டைக் கடந்து கொடுக்க வேண்டிய வேலை மட்டும்தான் பாக்கி இருந்திருக்கிறது.

"முன்மொழிஞ்சது ஆரு?" என்று கேட்டேன்.

"மூட்டுக்காணி."

அவர்தான் என் பெயரைச் சொன்னவர். இரண்டாவது பெயருக்குக் கையெழுத்துப் போட்டவரும் அவரே. வழக்கத்தை அவரே விட்டுக்கொடுத்திருக்கிறார். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பேப்பர் இப்ப எங்க?"

"இருக்கு" என்றாள். காட்டட்டுமா என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

காலையில் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். நானும் கூட இறங்கினேன். ஒரு பிள்ளையை என் இடுப்பில் வாங்கிக்கொண்டேன். அங்கன்வாடி வரைக்கும் சுமந்தேன். அங்கே பிள்ளையை இறக்கிவிட்டு, தம்பானூருக்குப் பஸ் ஏறினேன்.